வலது கால் கட்டையில்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இனி உனக்கு எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்தால் விழுந்தேன் என்றும், அழுதால் அழுதேன் என்றும் எழுதுவேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும். "எல்லாரும் நலம், நீ படி" என்று மட்டும் வந்தால் அதைக் கடிதம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பார்சல் நேற்று வந்தது. விடுதியில் எந்தப் பார்சலையும் வார்டன் முன்னால்தான் பிரிக்க வேண்டும். அம்மாவின் நீலப் போர்வையில் சுற்றி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தாய். அவிழ்ப்பதற்குள் என் நகம் ஒன்று உடைந்தது. பலகையைப் பார்த்ததும் வார்டன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்னம்மா இது, துணி தேய்க்கிற பலகையா?"

"இல்ல மேடம், ஸ்கேட்போர்டு. பி.டி. மிஸ் சொல்லியிருக்காங்க."

"சக்கரமெல்லாம் இருக்கே. இதுல ஏறி ஓடிப்போயிட மாட்டியே?"

"போனாலும் சாப்பாட்டு மணிக்கு வந்துடுவேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அக்கா, நான் உன்னிடம் கேட்டது வேறு. பள்ளிக்குப் பின்னால் சரிவாக இறங்கும் தார்ச்சாலையில் மிஸ் ஸ்லாலம் பழக்கப்போகிறார், அதாவது பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவே பாம்பு போல வளைந்து வளைந்து இறங்குவது. முதன்முதலாகப் பழகுகிறவளுக்கு எந்த மாதிரிப் பலகை, எந்த மாதிரிச் சக்கரம் என்றுதான் கேட்டிருந்தேன். நீ உன்னுடையதையே அனுப்பிவிட்டாய். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "கட்டிலுக்கடியில் சும்மா கிடக்கிறது. நீயே வைத்துக்கொள்."

வைத்துக்கொள் என்றால் என்ன பொருள்? பழகிவிட்டுத் தா என்பதா, இல்லை நீ இனி ஏறவே போவதில்லை என்பதா? அம்மா பக்கவாதத்தில் படுத்த பிறகு நீ நம் வீட்டுப் பக்கத்துச் சரிவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பலகை கட்டிலுக்கடியில் இருந்தவரை, ஒருநாள் எடுப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தப் பதில்தான் முதலில் வேண்டும். பலகையை எப்படித் தயார் செய்வது என்பது இரண்டாவது.

அம்மாவுக்கு என் முத்தம். இடது கன்னத்தில் கொடு. அந்தப் பக்கம்தான் உணர்ச்சி இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 18

வக்கீலுக்கு,

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். முதல் கேள்விக்கு வாய்தா.

வார்டன் அறையிலிருந்து போன் செய்ய ஏற்பாடு செய்யட்டுமா என்று போன மாதம் கேட்டாய். வேண்டாம், எழுது. நாள் முழுக்க வீட்டிலிருந்தபடியே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் கம்பெனிக்காகத் திட்டு வாங்குகிறேன். "தண்ணியே உள்ள போகலம்மா, ரெண்டு நாளா பாக்குறேன்." "சார், குழாயைத் திறந்திருக்கீங்களா?" "ஒரு நிமிஷம்." அத்தோடு வைத்துவிடுவார். ஒரு நன்றி கிடையாது. சாயங்காலம் ஆனால் யார் குரலும் வேண்டாம், என் குரலே எனக்கு வேண்டாம் என்றாகிவிடுகிறது. காகிதம் சத்தம் போடாது.

பலகைக்கு வருவோம். போர்வைக்குள் ஒரு துணிப்பை இருக்கும். அதிலிருக்கும் ஆரஞ்சு நிறச் சக்கரங்களைப் போடு. இப்போது மாட்டியிருக்கும் வெள்ளைச் சக்கரம் கெட்டியானது, வளையும்போது வழுக்கும். ஆரஞ்சு மெத்தென்று இருக்கும், தரையைப் பிடித்துக்கொள்ளும். உனக்கு இப்போது பிடிப்புதான் தேவை, வேகம் பிறகு. நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதே. முறுக்கி, பிறகு இலேசாகத் தளர்த்து. விரலால் தட்டினால் சக்கரம் முனகாமல் சுற்றவேண்டும்.

சக்கரங்களைத் தாங்கும் அச்சு இரண்டும் ஏற்கெனவே அமைத்தபடி இருக்கின்றன. அவற்றைத் தொடாதே. அந்த அமைப்புக்கு வருவதற்கு எனக்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று. உன் எடையும் என் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், நீ அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டால்.

மேலே ஒரு முனையில், ஓரமாக, சின்ன மரக்கட்டை ஒட்டியிருக்கும். கால் வழுக்காமல் விரல்கள் முட்டி நிற்பதற்கு. வலது கால் கட்டையில். இதை மட்டும் மறக்காதே. மற்றது தானாக வரும்.

கூம்புகளை முதலில் நன்றாகத் தள்ளித் தள்ளி வை. இரண்டு பலகை நீளத்துக்கு மேலேயே இருக்கட்டும். தலைக்கவசம் போடு. போடவில்லை என்று தெரிந்தால் பலகையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

அம்மா அப்படியேதான். மிச்சமிருக்கும் ஒரே வார்த்தை இன்னும் "வேணாம்". வேண்டும் என்பதற்கும் அதுதான். தண்ணீர் கேட்டாலும் "வேணாம்", கொடுத்தாலும் "வேணாம்". முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பா பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார், தூங்கினார், மறுபடி பஸ்ஸுக்குப் போனார். நானும் உட்கார்ந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். படி.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

விழுந்தேன்.

இதைச் சுருக்கமாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். திங்கள், புதன், வியாழன் எல்லா நாளும் விழுந்தேன். முழங்கையில் தோல் போய்விட்டது. என் பக்கத்துக் கட்டில்காரிதான் மருந்து போட்டுவிட்டாள். எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவளுக்குக் கொட்டாவி என்றே பெயர்.

"உன் அக்கா உனக்கு ஸ்கேட்போர்டு அனுப்பினாளா, இல்ல பழி வாங்குறாளா?" என்று கேட்டாள்.

"பலகை நல்ல பலகைதான்டி. எனக்குத்தான் வரல."

"அப்ப ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. எனக்குத் தூக்கம் வருது."

நீ சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். ஆரஞ்சுச் சக்கரம் போட்டேன். முறுக்கித் தளர்த்தினேன். அச்சைத் தொடவில்லை. வலது கால் கட்டையில் கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது, எனக்காகவே ஒட்டியது போல. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன்பக்கம் திரும்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது, பின்பக்கமோ கேட்காமலே திரும்புகிறது. கடைசியில் மொத்தப் பலகையும் குளிர்க்காய்ச்சல் வந்தது போல உதறுகிறது. அதற்கப்புறம் நான் தார்ச்சாலையில் கிடக்கிறேன்.

மிஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பயப்படாத, பயந்தா பலகைக்குத் தெரிஞ்சுடும்" என்றார். நூலகத்தில் ஒரு பழைய விளையாட்டுப் புத்தகத்திலும் அதையேதான் போட்டிருக்கிறது, உடம்பை விறைத்துக்கொண்டால் பலகை உதறும் என்று. எனவே தவறு என் பயத்தில்தான் என்று முடிவு செய்தேன். பயப்படாமல் இருக்க முயன்றேன். பயப்படாமல் விழுந்தேன்.

பள்ளிக்கூடத்துப் பலகைகளில் ஏறும் மற்றவர்கள் எல்லாரும் மூன்றாவது, நான்காவது கூம்பு தாண்டிவிட்டார்கள். என்னைக் கீழே நின்று சாய்ந்த கூம்புகளை நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டார் மிஸ். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னுடைய பெரிய வருத்தம் அது இல்லை. உன்னுடைய பலகையை என்னால் ஓட்ட முடியாது என்றால், அதை யாருக்காக அனுப்பினாய்? உன்னாலும் இல்லை, என்னாலும் இல்லை என்று அது இரண்டு ஊரிலும் கட்டிலுக்கடியில் கிடக்கவா?

முதல் கேள்வியின் வாய்தா முடிந்துவிட்டது என்பதை நினைவூட்டுகிறேன்.

உன் தங்கை


ஜூலை 7

வக்கீலுக்கு,

தவறு உன் பயத்தில் இல்லை. என் கடிதத்தில்.

உன் கடிதம் வந்தால் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது வாசிப்பேன். கேட்டுக்கொண்டே ஒழுங்காக விழுங்குவாள். இந்தக் கடிதத்தையும் வாசித்தேன். பலகை உதறுகிற இடம் வந்ததும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பலகை என்னை ஒருநாளும் உதறியதில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, சமையலறைத் தரையில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். "வலது கால் கட்டையில. இப்படித்தானே நிப்பா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா, "வேணாம்" என்றாள்.

"இரும்மா, தரேன்."

"வேணாம், வேணாம்." இடது கையால் என் காலைக் காட்டினாள். பிறகு தன் இடது முழங்காலைத் தட்டினாள். முகத்தைப் பார்த்தேன். பசி இல்லை, வலி இல்லை. கோபமாக இருந்தாள், நம் கணக்குப் பாடத்தைப் பார்த்துக் கோபப்படுவாளே அந்த மாதிரி.

"சின்னவ," என்றாள். அப்புறம் வெகுநேரம் வாயை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இடது. படியில" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்காது. சின்ன வயதில் நீ மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் இடது காலைத்தான் முன்னால் வைப்பாய். வலது கால் பின்னாலேயே வரும். "இன்னொரு காலுக்கும் வேலை குடுடி" என்று அம்மா கீழே நின்று கத்துவாள். நான் நேர்மாறு. எனக்கு எதற்கும் வலது கால்தான் முன்னால் போகும். பலகையில் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள் என்று நினைத்து, வலது கால் கட்டையில் என்று எழுதினேனே தவிர, அந்தக் கால் முன்னால் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே தோன்றவில்லை. நீ இடது காலை முன்னால் வைத்து, வலது காலைக் கட்டையில் வைக்கப் பலகையையே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் உனக்குத் தெரிய வழியில்லை. நீ பலகையைப் பின்பக்கமாக ஓட்டியிருக்கிறாய்.

இப்போது அச்சைப் பற்றிச் சொல்கிறேன், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அலுப்பில் விட்டுவிட்டேன். ஸ்லாலம் பலகைக்கு முன் அச்சு சட்டென்று திரும்ப வேண்டும். அதனால் அதில் மெத்தென்ற ரப்பர் வளையம், அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் அதைத் திரும்ப வைக்கும் சாய்வுத் துண்டு. பின் அச்சு கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும், முன்னால் போவதன் பின்னாலேயே வர வேண்டும். அதனால் கெட்டி ரப்பர், எதிர்ப்பக்கம் சாய்ந்த துண்டு. தலைகீழாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், முன்பக்கம் முரண்டு பிடிக்கும், வேகம் கூடினால் உதறும். நீ எழுதியது அப்படியே அதுதான். பயத்தோடு இத்தனை நாள் ஏறியிருக்கிறாய், அது பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது: பலகையைச் சரியான பக்கம் திருப்பினால் கட்டை உன் குதிகாலில் இடிக்கும். எனவே கட்டையைப் பேர்த்தெடுத்துவிடு. ஒரு பழைய கத்தியைச் செருகி நெம்பினால் வந்துவிடும். உன் இடது காலுக்கு அளவு பார்த்து, எதிர் ஓரத்தில் ஒட்டிக்கொள். என் கால் அடையாளம் இனி எதற்கு? அச்சைத் தொடாதே.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தை சனிக்கிழமைகளில் மத்தியானம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவருக்கு அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார், எனக்கும் அந்த ஒரே வார்த்தைதான் மிச்சம்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

அம்மா பேசினாள் என்பதை நீ கால் வைக்கிற கதைக்கு நடுவில் எழுதியிருக்கிறாய். நான் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தேன். எழுந்து வெளியே போய், குழாயடியில் நின்று அழுதேன். கொட்டாவி பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் கேட்காமல் இருக்க. நடந்தபடி எழுதுவேன் என்றதால் இதையும் எழுதுகிறேன்.

இப்போது நீ கோபப்படப்போகிற விஷயம். நான் கட்டையைப் பேர்க்கவில்லை. அச்சைத் தொட்டேன்.

படிக்கும் மேசையில் செய்தித்தாளை விரித்து, பலகையைக் கவிழ்த்து வைத்து, இரண்டு அச்சையும் கழற்றினேன். நட்டுகளை சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டேன். முன் அச்சை அதன் சாய்வுத் துண்டோடு சேர்த்தே அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ப் பின்னால் மாட்டினேன், பின்னால் இருந்ததை முன்னால். தடித்த பக்கம் மாறிவிடாமல் இருக்கப் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டேன். உன் கோடைகால அமைப்பில் எதையும் தளர்த்தவில்லை, முறுக்கவில்லை. முனை மட்டும்தான் மாறியிருக்கிறது. இப்போது கட்டை இருக்கும் முனை எனக்குப் பின்முனை. வலது கால் அங்கேயே நிற்கிறது. இடது கால் முன்னால். பலகையும் நானும் ஒரே திசையில் போகிறோம்.

ஏன் என்று சொல்கிறேன். அச்சை இன்று மாற்றினால் நாளை திரும்ப மாற்றலாம். கட்டையைப் பேர்த்தால் அது போனது போனதுதான். அதன் ஓரம் உன் பெருவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்டது. கையால் தடவிப் பார்த்தேன். அது என் கால் இல்லை.

இன்று மாலை ஆறு கூம்பு தாண்டினேன். மிஸ், "என்ன பண்ண?" என்று கேட்டார். "பலகையைத் திருப்பினேன் மிஸ்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் அக்கா. இடுப்பை ஒரு பக்கம் அசைத்தால் பலகை அந்தப் பக்கம் போகிறது, அடுத்த அசைவு அதுவாகவே வருகிறது. நீ ஏன் சாயங்காலங்களில் அப்படிச் சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாய் என்று இப்போதுதான் புரிந்தது. நான் அன்றெல்லாம் சரிவின் அடியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உன் காலைப் பார்த்திருக்கலாம்.

அத்தைக்குத் தெரியாது என்றால் சொல்லிக்கொடு. நீயும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒன்றே ஒன்று. இதுதான் என் வாதம்.

உன் தங்கை


ஜூலை 24

கட்டையைப் பேர்த்தெடு என்றால் பேர்த்தெடு. சொன்னதைச் செய்யாமல் நியாயம் பேசுகிறாய்.

உனக்கு அங்கே மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் படுக்கை. இங்கே மணி எதுவும் அடிப்பதில்லை. எப்போது ஆரம்பித்தது, எப்போது முடியும் என்று எதற்கும் தெரியாது. அத்தைக்கு இடுப்பு வலி. அம்மாவைத் தூக்கும்போது அவர் விழுந்தால் நான் இரண்டு பேரைத் தூக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்று எழுதுவது சுலபம்.

எனக்கு யோசனை சொல்ல ஆள் வேண்டாம். வாஷிங் மெஷின்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பலகை உன்னுடையது. அதோடு விடு.

அம்மா அதற்கப்புறம் புதிதாக எதுவும் பேசவில்லை. கேட்பாய் என்று எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய்.

என்னை விடுதிக்கு அனுப்பியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. "நீ இங்க இருந்தா உன்னையும் சேத்துப் பாக்கணும்" என்று நீ சொன்னாய். அது உண்மைதான். அதனால் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் மணி அடித்துச் சாப்பிடும்போதெல்லாம், உன் பங்கு நிம்மதியையும் நானே வாங்கிவந்துவிட்டது போல இருக்கிறது. அதனால்தான் வாதம் செய்கிறேன். வேறு எதுவும் செய்ய என் கையில் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. மிஸ் முதலுதவி வகுப்பும் எடுக்கிறார். எழுந்து நிற்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று அவரிடம் கேட்டேன். காட்டினார். நாற்காலியை அவர்களுக்குக் கைகால் வராத பக்கம் வைக்கக்கூடாது, நன்றாக இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். அவர்கள் முழங்காலை நம் முழங்காலால் அணைத்துக்கொண்டு, தூக்காமல், சாய்த்துத் திருப்ப வேண்டும். இதிலும் எல்லாம் காலில்தான் இருக்கிறது. தினமும் கொட்டாவி மேல் பழகுகிறேன். அவள் உடம்பைத் துணிமூட்டை மாதிரித் தளரவிடுவதில் கெட்டிக்காரி. பாதியில் உண்மையாகவே தூங்கிவிடுகிறாள். வார்டன் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போனார்.

நீ செய்வதும் இப்படித்தானா? வித்தியாசம் இருந்தால் எழுது, திருத்திக்கொள்கிறேன்.

கூம்பு எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன். கடைசிக் கூம்பு மட்டும் சாய்ந்தது. கட்டை ஒட்டியபடியேதான் இருக்கிறது.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

வக்கீலுக்கு,

செய்வது சரி. ஒரே வித்தியாசம், திருப்புவதற்கு முன்னால் "போலாமா" என்று கேட்டுவிட்டு, அம்மா "வேணாம்" என்று சொல்லும்வரை காத்திருப்பேன். சொன்னதும் திருப்பிவிடுவேன். அதுதான் அவள் சரி என்கிற விதம்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நீயும் விடப்போவதில்லை, எனக்கும் மறைத்து மறைத்துச் சலித்துவிட்டது.

அத்தைக்கு இடுப்பு வலி என்றது பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. அவர் போன சனிக்கிழமை நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டார். "நீ போய்க் காத்து வாங்கிட்டு வா, நான் இருக்கேன்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு சரிவை நோக்கிப் போனேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். இரண்டு பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தார் அப்படியே இருக்கிறது, நடுவில் அந்த மேடும் அப்படியே. பலகைமேல் நிற்பது போலக் கால் தானாகவே வளைந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குப் பயம். விழுந்துவிடுவேன் என்று இல்லை. ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால், அப்புறம் வீட்டுக்குத் திரும்பி வர மனசு வராதோ என்று. இங்கே இருக்கிற வேலையை நான் செய்துகொண்டிருப்பது வேறு எதுவும் நினைவில் இல்லாததால்தான். நினைவு வந்துவிட்டால் எப்படிச் செய்வேன் என்று தெரியவில்லை. அதனால்தான் பலகையைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பினேன். உனக்கு நல்லது செய்ததாக நினைக்காதே.

இதை அப்பாவுக்குச் சொல்லாதே. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை.

உன்னை அனுப்பியபோது சொன்ன வார்த்தை எனக்கும் நினைவிருக்கிறது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நீ இல்லாத வீடு சுலபமாக இல்லை, சத்தமில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

விடுமுறைக்கு எப்போது வருகிறாய்?

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அப்பா கொண்டுவருவார். அவருடைய பஸ் நாளைக் காலையில் எங்கள் பள்ளி நிறுத்தத்தில் நிற்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் கேட்டில் காத்திருந்து கடிதத்தையும் பலகையையும் அவரிடம் கொடுக்கப்போகிறேன். கடிதத்தை ஒட்டித்தான் கொடுக்கிறேன். அவர் பிரிக்க மாட்டார்.

ஆம், பலகையையும். நீலப் போர்வையில்தான் சுற்றியிருக்கிறேன், ஆனால் உன்னைப் போல முடிச்சுப் போடவில்லை, ஒரே இழுப்பில் அவிழும். இன்று மத்தியானம் மறுபடி மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு அச்சையும் கழற்றினேன். என் பென்சில் அம்புக்குறிகளைப் பார்த்து, முன்னால் இருந்ததை முன்னாலும் பின்னால் இருந்ததைப் பின்னாலும், நீ அமைத்தபடியே மாட்டிவிட்டேன். அம்புக்குறிகளை அழித்துவிட்டேன். சக்கரங்களைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். முனகவில்லை. கட்டை உன் காலுக்காகவே நிற்கிறது.

நான் கடைசியாக ஒருமுறை இறங்கினேனா என்று கேட்பாய். இறங்கினேன், நேற்று மாலை, அச்சை மாற்றுவதற்கு முன்னால். எல்லாக் கூம்பும் தாண்டி, கடைசிக் கூம்பும் நின்றது. பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்போது அழுதேன். கொஞ்சம்தான். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுக்கிறேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் நல்லவள் என்று நினைத்துவிடுவாய். இனி நான் பள்ளிப் பலகையில் ஏறுவேன். அதில் இரண்டு அச்சிலும் ஒரே மாதிரி ரப்பர்தான் இருக்கிறது. மிஸ்ஸிடம் சொல்லி முன்னால் மெத்தென்ற வளையம் போடலாமா என்று கேட்டேன். "நீயே போடு, நீதான் இப்ப மெக்கானிக்" என்றார்.

பரீட்சை முடிந்ததும் வருகிறேன். நான் வரும் வாரத்துச் சனிக்கிழமை அத்தை வேண்டாம், நான் இருப்பேன். அம்மாவை நாற்காலிக்கு மாற்றும்போது முதல் தடவை நீ பக்கத்தில் நின்று பார். இரண்டாவது தடவை கதவருகில் நில். மூன்றாவது தடவை தெருவில் இரு. "போலாமா" என்று கேட்பேன், "வேணாம்" வரும்வரை காத்திருப்பேன்.

உன் பயத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். நூலகத்தில் அதற்குப் புத்தகம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திரும்பி வர மனசு வராவிட்டால், அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வா. அம்மாவும் நானும் இருப்போம். இன்னும் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாக வா. கோபப்பட மாட்டோம். நான் அம்மாவுக்கு உன் பழைய கடிதங்களை வாசித்துக் காட்டுவேன், எந்தக் கடிதத்தை வாசிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். நீ சிவந்த முகத்தோடு வந்து நிற்கும்போது அம்மா என்ன சொல்வாள் என்றும் தெரியும். அந்த ஒரே வார்த்தைதான். முகத்தைப் பார்த்து நீயே கண்டுபிடித்துக்கொள்.

வலது கால் கட்டையில், அக்கா. வலது கால் முன்னால்.

கொட்டாவி ஏற்கெனவே தூங்கிவிட்டாள். இன்னும் ஏதோ ஒன்று எழுத நினைத்தேன், ஆனால் வார்டன் நடையில் வருகிற சத்தம் கேட்கிறது. அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு அறையாக வருகிறார். இப்போது எங்கள் அறையிலும் விளக்கை அணைத்துவிட்டார், இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.